வலது காலுக்கு ஒரு சுவிட்ச்

போன வாரம் வந்த மெசேஜ்கள்ல பாதி "ஏஐ வேலையைத் தின்னுடுமா, அதைப் பேசு"ன்னு இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க, இன்னைக்கு அது இல்ல. இன்னைக்கு ஒரு சுவிட்சைப் பத்திப் பேசப் போறேன். 1969-ல செஞ்ச ஒரு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், அதோட டேஷ்போர்டுல இருக்கிற, விரலால தட்டுற சின்ன சுவிட்ச். அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதால, எனக்குச் சொந்தமில்லாத ஒரு காரோட கியர்பாக்ஸை நொறுக்க இருந்தேன். ஒரு அரை அடி தூரத்துல தப்பிச்சுது.

முதல்ல கதை எங்க நடக்குதுன்னு சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒரு வருஷத்துக்கு ஆன்சைட் அனுப்பினாங்க. இங்கிலாந்துல ஷெஃபீல்டு. மேடும் பள்ளமுமா இருக்கிற ஊர். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் அதே ஊர்ல பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எழுபது தாண்டிட்டார். இடது முழங்கால் தேய்ஞ்சு போய் ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருந்தார். இடது கால்னா கிளட்ச் கால். அதனால வீட்டு முன்னாடி அவரோட சிவப்பு எம்ஜிபி மாசக்கணக்கா போர்வை போர்த்திக்கிட்டு நின்னுச்சு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன்னு எப்பவோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடியில கோடு அடிக்கிறவன் தமிழ்நாட்டுல தெருவுக்கு நாலு பேர் இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? இன்சூரன்ஸ்ல என் பேரைச் சேர்த்துட்டு, "வாரம் ஒரு தடவை ஓட்டு, நான் பக்கத்துல உக்கார்றேன்"னு சாவியைக் கையில குடுத்துட்டார். அவர் சொல்லாம விட்டது ஒண்ணு உண்டு. ஆபரேஷனுக்கு அப்புறமும் அந்தக் கால் கிளட்சை மிதிக்கலேன்னா காரை வித்துடணும்னு வீட்டுல பேச்சு. அதை அவரோட மக தான் எங்கிட்ட சொன்னாங்க.

சரி, கார். எம்ஜிபி 1962-ல இருந்து 1980 வரைக்கும் ஆபிங்டன்ல செஞ்ச வண்டி. 1798 சிசி, நாலு சிலிண்டர், நாலு கியர். அஞ்சாவது கியர் கிடையாது. ஆனா சில வண்டிகள்ல ஓவர்டிரைவ்னு ஒரு எக்ஸ்ட்ரா உண்டு. அதுதான் அந்த சுவிட்ச்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போற கிராமத்து ரோடுக்குச் செஞ்சது. 1959-ல எம்1 மோட்டார்வே திறந்தாங்க. நேரா, நீளமா ஒரு ரோடு வந்ததும் பிரச்சினை தெரிய ஆரம்பிச்சுது. எம்ஜிபி நாலாவது கியர்ல 70 மைல் வேகத்துல, அதாவது நம்ம கணக்குல 112 கிலோமீட்டர்ல போனா, எஞ்சின் கிட்டத்தட்ட 3900 ஆர்பிஎம் சுத்தும். மணிக்கணக்கா அப்படியே கத்திக்கிட்டிருக்கும். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியாது. ஓவர்டிரைவைத் தட்டினா அதே வேகத்துக்கு 3200 போதும். பெட்ரோலும் மிச்சம், காதும் மிச்சம்.

இதைக் கண்டுபிடிச்சவர் எட்கர் டி நார்மன்வில். செஞ்ச கம்பெனி லேகாக், நான் இருந்த அதே ஷெஃபீல்டுல. 1948-ல ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார்ல முதல்ல வந்துச்சு. ஸ்டாண்டர்ட்னு கேட்டதும் சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரணும். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்னு ஒரு ஃபேக்டரி இருந்துச்சே, ஹெரால்டு கார் எல்லாம் செஞ்சாங்களே, அதே குடும்பம்தான். அது தனி எபிசோடுக்கு உரிய விஷயம், விட்டுடறேன்.

இப்ப இதோட உள்பக்கம். இதைப் புரிஞ்சுக்கிட்டாதான் ஓட்டுறது புரியும், அதனால ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க.

ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற கியர் இல்ல. கியர்பாக்ஸோட வால்ல ஒட்டவெச்ச இன்னொரு குட்டி கியர்பாக்ஸ். உள்ள எபிசைக்ளிக் கியர் டிரெயின். மெக்கானிக்கல் ஆளுங்க இந்த வார்த்தையைக் கேட்டு பெருமூச்சு விடறது எனக்குக் கேக்குது. ஆமா, செமஸ்டர்ல டேபிள் போட்டு அழுதோமே, அதேதான். நடுவுல ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுத்தி கோள் சக்கரங்கள், அதுங்களைத் தாங்குற ஒரு கேரியர். வெளியில, உள்பக்கம் பல் வெச்ச ஒரு வளையம். எஞ்சின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் கேரியரைச் சுத்தும். பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் வெளி வளையத்தோட சேர்ந்தது. சூரியச் சக்கரத்தை அசையாம இறுக்கிப் பிடிச்சா, வளையம் கேரியரை விட வேகமா சுத்தும். எஞ்சின் பக்கம் 82 சுத்து, பின்பக்கம் 100 சுத்து. அவ்வளவுதான் ஓவர்டிரைவ்.

சூரியனை யார் பிடிக்கிறது? ஒரு கோன் கிளட்ச். புனல் மாதிரி வடிவம், உள்ளேயும் வெளியேயும் லைனிங். சாதாரணமா ஸ்பிரிங்குகள் அதைப் பின்னாடி தள்ளி வளையத்தோட ஒட்டவெச்சிருக்கும். அப்ப எல்லாம் ஒண்ணா சுத்தும், ஓவர்டிரைவ் இல்ல. சுவிட்சைத் தட்டினா ஒரு சோலனாய்டு வால்வைத் திருப்பும், ஆயில் பிரஷர் ஏறும், பிஸ்டன்கள் கோனை முன்னாடி இழுத்து ஒரு பிரேக் வளையத்துல அழுத்தும். அந்த பிரேக் வளையம் வெளிக்கூட்டோட சேர்ந்தது, சுத்தாது. கோன் நின்னுச்சுன்னா சூரியனும் நின்னுடும்.

இன்னும் ஒரு பாகம் பாக்கி. கேரியருக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு ஒருவழி கிளட்ச். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. பெடல் மிதிச்சா சக்கரத்தைத் தள்ளும், மிதிக்கலேன்னா சக்கரம் தன்பாட்டுக்குப் போகும். இந்தக் குட்டி ஃப்ரீவீலை ஞாபகம் வெச்சுக்குங்க. முழுக் கதையும் இதுலதான்.

முதல் நாள் நான் என்ன பண்ணேன்னா, இதை அஞ்சாவது கியர்னு நினைச்சேன். ஹேதர்சேஜ் போற ரோடு. நாலாவதுல 55 மைல் போனதும் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன், கிளட்சை மிதிச்சேன், சுவிட்சைக் கீழ தட்டினேன், கிளட்சை விட்டேன். வேலை செஞ்சுது. எனக்குப் பெருமை. பக்கத்துல இருந்தவர் வாயைத் திறக்கல. திரும்ப ஆஃப் பண்ணும்போது கிளட்சும் மிதிக்கல, ஆக்சிலரேட்டரும் கொடுக்கல, சும்மா தட்டினேன். வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க. அவர் கை டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிச்சு. "இடது காலுக்கு இங்க வேலை இல்ல. இது வலது கால் விஷயம்"னார்.

ஏன்னு அப்ப புரியல. ராத்திரி வந்து பேப்பர்ல படம் வரைஞ்சு பார்த்தேன். ஓவர்டிரைவ் ஆஃப் ஆகும்போது கோன் பிரேக் வளையத்தை விட்டு வெளி வளையத்துக்குப் போகணும். நடுவுல ஒரு கணம் அது எதையும் தொடாது. அந்தக் கணத்துல என்ன நடக்கும்? வலது கால் அழுத்தியிருந்தா எஞ்சின் தடையில்லாம மேல ஏறும். 3200-ல இருந்து 3900 வரைக்கும் ஏறி, பின் ஷாஃப்ட்டோட வேகத்தை எட்டிப் பிடிக்கும். பிடிச்ச நொடியே ஃப்ரீவீல் கவ்விக்கும். அப்புறம் கோன் வந்து உக்காரும்போது ரெண்டும் ஒரே வேகத்துல சுத்திக்கிட்டிருக்கும். உரசலே இல்ல. வெண்ணெய் மாதிரி. காலை எடுத்திருந்தா? எஞ்சின் ஏறாது. மெதுவா சுத்துற எஞ்சினை, வேகமா சுத்துற வளையத்தோட கோன் தன் லைனிங்கைத் தேய்ச்சு இழுத்துக்கிட்டு வரணும். அந்த இழுப்புதான் என் மூக்கைக் குத்த வெச்சது.

அதனால ஆஃப் பண்ற முறை இதுதான்: காலை எடுக்காதே, கொஞ்சம் கூடுதலாவே அழுத்து, அப்புறம் தட்டு. பிரேக் போட வேண்டிய வளைவு வருதுன்னா, பிரேக்குக்கு முன்னாடியே, கால் இன்னும் ஆக்சிலரேட்டர்ல இருக்கும்போதே ஆஃப் பண்ணிடு.

ஆன் பண்றதும் அதே கதைதான், எதிர்ப்பக்கமா. ஆக்சிலரேட்டரை ஒரே அளவுல பிடிச்சுக்கிட்டு தட்டினா, கோன் நடுவுல போற கணத்துல ஃப்ரீவீல் வண்டியைத் தள்ளிக்கிட்டே இருக்கும். அதனால வேகத்துல விட்டுப்போறதே இல்ல. கோன் போய் பிரேக் வளையத்தைப் பிடிச்சதும் ஆர்பிஎம் முள் மெதுவா இறங்கும். இந்தக் காலத்து டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் விளம்பரத்துல "இடைவெளியே இல்லாம கியர் மாறும்"னு சொல்றாங்களே, அதை அந்த மனுஷன் 1940-கள்ல ஆயில் பிரஷரும் ஸ்பிரிங்கும் வெச்சுப் பண்ணியிருக்கார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

எம்ஜிபியில ஓவர்டிரைவ் மூணாவதுலயும் நாலாவதுலயும் வேலை செய்யும். 1977-க்கு அப்புறம் வந்த வண்டிகள்ல நாலாவதுல மட்டும். ஒண்ணு, ரெண்டு கியர்ல எஞ்சினோட முறுக்கு பல மடங்காகிப் பின்னாடி வரும், அந்தக் கோனால தாங்க முடியாது. அதனால கியர்பாக்ஸ் மேல ஒரு தடுப்பு சுவிட்ச் வெச்சிருக்காங்க. மூணு, நாலுல இல்லேன்னா கரண்டே போகாது.

எல்லாரும் ஓவர்டிரைவ்னா மோட்டார்வே சமாச்சாரம்னு நினைக்கிறாங்க. எனக்குப் பிடிச்சது மூணாவது கியர் ஓவர்டிரைவ். ஃபாக்ஸ் ஹவுஸ் தாண்டி ஹேதர்சேஜ் இறங்குற ரோட்டுல ஒரு வளைவு இருக்கு, சர்ப்ரைஸ் வியூன்னு பேர். திரும்பினதும் ஹோப் பள்ளத்தாக்கு முழுசும் சட்டுனு கண்ணு முன்னாடி விரியும். அந்த ரோட்டுல மூணாவதுலயே இருந்துக்கிட்டு, ஏத்தம்னா ஆஃப், சமம்னா ஆன், ஒரு விரல்ல போயிட்டே இருக்கலாம். ஓவர்டிரைவ் போட்ட மூணாவது நாலாவதுக்கு ரொம்பக் கிட்ட வரும், நாலாவதுக்குத் தேவையே வராது. செங்குத்தா இறங்கும்போது மட்டும் ஆஃப் பண்ணிடணும், எஞ்சின் பிரேக்கிங் நல்லா கிடைக்கும். அந்த அரை மணி நேரத்துல நான் கிளட்சை எத்தனை தடவை மிதிச்சேன்னு அவர் வாய்விட்டு எண்ணிக்கிட்டு வந்தார். ஏன் எண்ணுறார்னு எனக்கு உடனே புரியல. அப்புறம் அவர் முழங்காலைப் பார்த்தேன்.

செய்யக் கூடாதது ரெண்டைச் சீக்கிரமா சொல்லிடறேன். மூணாவது ஓவர்டிரைவ்ல 5000 ஆர்பிஎம் போயிட்டிருக்கும்போது ஆஃப் பண்ணாதீங்க. ஆஃப் ஆனதும் அது 6100. சிவப்புக் கோடு 6000-ல. நாலாவது ஓவர்டிரைவ்ல 40 மைலுக்குக் கீழ மேடு ஏறாதீங்க. எஞ்சின் முக்கும், அதுல மிச்சமாகுற பெட்ரோல் உங்களுக்கு வேண்டாம்.

இப்ப என் தப்பு.

நம்மள மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பட்டன் ஆஃப்னு காட்டினா ஆஃப்னு நம்பிடுவோம். இந்த சுவிட்ச் காட்டுறது நீங்க என்ன கேட்டீங்கங்கிறதை மட்டும்தான். வண்டி அதைச் செஞ்சுதாங்கிறது வேற. சுவிட்சை ஆன்லயே விட்டுட்டு ரெண்டாவது கியருக்கு இறங்கி, மறுபடி மூணாவதுக்கு வந்தா, தானாவே ஓவர்டிரைவ் விழும், எஞ்சின் மொத்தமா சோர்ந்து போகும். இதை நான் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன். அது சின்னத் தப்பு. பெருசு இனிமேதான்.

அவர் ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னாடி. ஒரு நீளமான ரவுண்டு போயிட்டு வந்தோம். லேடிபவர் நீர்த்தேக்கம், ஸ்னேக் பாஸ் மேல வரைக்கும், திரும்ப ஊருக்குள்ள. சொல்லிக் கொடுத்த மாதிரியே கால் அழுத்தி சுவிட்சை ஆஃப் பண்ணேன். ஆனா அப்ப முள்ளைப் பார்க்கல. பார்த்திருந்தா அது ஏறலேன்னு தெரிஞ்சிருக்கும். சிக்னல்ல கிளம்பும்போது வண்டி கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. ரெண்டாவதுலயும் அப்படித்தான். மேடான ஊர், எஞ்சின் சூடு, ஏதோ ஒண்ணுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அவர் வீட்டு டிரைவ்வே சரிவு. எப்பவும் ரிவர்ஸ்லதான் உள்ள விடுவோம். வீட்டைத் தாண்டி, மேடு பார்த்து நிறுத்தினேன். கையை ரிவர்ஸுக்குக் கொண்டு போறேன். அவர் கை என் கை மேல வந்து அழுத்திச்சு. "எஞ்சினை ஆஃப் பண்ணு. நியூட்ரல்ல போடு. இப்ப ஹேண்ட்பிரேக்கை மெதுவா விடு."

விட்டேன். செங்குத்தான தெரு. வண்டி நியூட்ரல்ல இருக்கு, பிரேக் எதுவும் இல்ல. ஒரு இன்ச் கூடப் பின்னாடி உருளல. சிலை மாதிரி நின்னுச்சு.

மக்களே, எனக்கு முதுகு சில்லுனு ஆச்சு. என்ன ஆச்சுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கோன் பிரேக் வளையத்துல சிக்கிக்கிட்டு விடல. அதாவது சூரியன் வெளிக்கூட்டோட சேர்ந்து நிக்குது. இந்த நிலையில சக்கரம் பின்னாடி திரும்பப் பார்த்தா, நம்ம ஃப்ரீவீல் கவ்வுது. அது கவ்வினா கேரியரும் வளையமும் ஒண்ணாத்தான் சுத்தணும். சூரியன் நிக்கும்போது அது நடக்கவே நடக்காது. மொத்தமும் பூட்டு. சரிவுல வண்டியோட எடைக்கே இப்படி நிக்குதுன்னா, நான் ரிவர்ஸைப் போட்டு கிளட்சை விட்டிருந்தா? எஞ்சினோட முழு முறுக்கும் ரிவர்ஸ் கியர்ல பெருகி அந்தப் பூட்டு மேல விழுந்திருக்கும். ஃப்ரீவீலோட உருளைகளோ கோனோ வெளிக்கூடோ, ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும்.

தடுப்பு சுவிட்ச் இருக்கே, ரிவர்ஸ்ல கரண்ட் போகாதேன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். அது கரண்டைத்தான் நிறுத்தும். சிக்கின கோனுக்கு கரண்டைப் பத்தி என்ன கவலை?

பின்னாடி தள்ளவும் வழியில்ல. முன்னாடி மட்டும்தான் போகும். தெருவைச் சுத்தி வந்து மூக்கை முன்னாடி விட்டு டிரைவ்வேல நுழைச்சேன். அதோட வண்டி மாட்டிக்கிச்சு. சரிசெய்யாம வெளிய வர முடியாது, ரிவர்ஸ் எடுக்கணுமே. அவர் ரொம்ப நேரம் காரையே பார்த்துக்கிட்டு நின்னார். "ஒருவேளை இது ஒரு சைகையோ என்னமோ"ன்னார். விக்கிறதைத்தான் சொல்றார்னு புரிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லல.

அடுத்த சனிக்கிழமை. பின்பக்கத்தை ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு மேல வெச்சோம். அவரால படுத்துக் கீழ போக முடியாது. நாற்காலி போட்டு உக்கார்ந்து டார்ச் அடிச்சார், நான் கீழ போனேன். அந்த பிரேக் வளையத்தோட விளிம்பு வெளியிலயே தெரியும், ரெண்டு கூட்டுக்கு நடுவுல சாண்ட்விச் மாதிரி. மெத்துனு முகம் வெச்ச சுத்தியலால அதைச் சுத்திச் சுத்தித் தட்டச் சொன்னார். தட்டுறேன், தட்டுறேன், ஒண்ணும் இல்ல. "இன்னும் கொஞ்சம் கோபமா"ன்னார். எட்டாவதோ ஒன்பதாவதோ தட்டுல உள்ள 'டொக்'னு ஒரு சத்தம். ஸ்பிரிங்குகள் கோனைப் பின்னாடி தள்ளிடுச்சு. கையால பின் சக்கரங்களைத் திருப்பிப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் சுத்துச்சு.

மாசக்கணக்கா ஓடாம நின்னதுதான் காரணம்னு அவர் சொன்னார். அடியில இருக்கிற ஃபில்டரைக் கழட்டினா கறுப்புக் களிம்பு. கழுவி மாட்டினோம். ஆயில் புதுசு. கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான், எம்ஜிபிக்கு அது சாதாரண 20-50 எஞ்சின் ஆயில். கியர்பாக்ஸ்தானேன்னு வழுவழுப்புக்கு மருந்து கலந்த கியர் ஆயிலை ஊத்திடாதீங்க. கோன் பிடிக்க வேண்டிய இடத்துல வழுக்கும்.

ஆபரேஷன் முடிஞ்சு அவர் மறுபடி ஓட்டுறதுக்கு ரெண்டரை மாசம் ஆச்சு. இந்தத் தடவை நான் இடது சீட்ல. மூணாவது வரைக்கும் கிளட்ச், அதுக்கப்புறம் விரல்தான். ஹேதர்சேஜ் போய் டீ குடிச்சிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பத்தொன்பது தடவை கிளட்ச் மிதிச்சார். இந்தத் தடவை எண்ணினது நான். கடைசி ரெண்டு மிதியில முகம் சுருங்குச்சு. ஆனாலும் மிதிச்சார்.

தெருமுனைக்கு முன்னாடி, கால் அழுத்தியிருக்கும்போதே சுவிட்சை மேல தட்டினார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, ரெண்டு பேரும் முள்ளைத்தான் பார்த்தோம். ஏறிச்சு. வீட்டைத் தாண்டி நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டார். வண்டி மெதுவா பின்னாடி உருண்டுச்சு. அப்புறம்தான் ரிவர்ஸைப் போட்டார்.